பூசாவின் புதிய நெல்லும் கோதுமை வயலின் பழைய களையும்

டெல்லி பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்ற இரண்டு நெல் ரகங்களை வெளியிட்டது. முன்னது பெயர்பெற்ற 1121 ரகத்திலிருந்தும் பின்னது 1509 ரகத்திலிருந்தும் உருவானது. தாய் ரகங்களுக்கும் இவற்றுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுதான். இமாசெதாபைர் என்ற களைக்கொல்லியை வயல் முழுக்கத் தெளித்தாலும் இந்த நெல் சாகாது. கூட முளைத்த களைகள் சாகும்.

இப்படியொரு நெல் தேவைப்பட்டதற்கு நியாயமான காரணம் உண்டு. பஞ்சாப், ஹரியாணா, டெல்லிப் பகுதிகளில் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போகிறது. சேற்றுழவு செய்து நாற்று நடுவதைவிட நேரடியாக விதைத்தால் தண்ணீர் கணிசமாக மிச்சமாகும். 2020 பொதுமுடக்கத்தில் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோது பஞ்சாப் விவசாயிகள் பலர் நேரடி விதைப்புக்கு மாறினார்கள். 2022-இல் பஞ்சாப் அரசு ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. ஆனால் நடவு வயலில் முதல் சில வாரங்கள் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் களைகளுக்கு எமன். அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டால் நெல்லும் களையும் ஒரே நாளில் சேர்ந்து முளைக்கும். தண்ணீர் செய்த வேலையை இனி மருந்து செய்ய வேண்டும்.

களைக்கொல்லி என்றதும் நம் நாட்டில் எழும் விவாதம் பெரும்பாலும் கிளைபோசேட்டையும் புற்றுநோயையும் பற்றியது. 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2023-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு அனுமதி கொடுத்தது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை, முடியும்வரை எச்சரிக்கையாக இருப்பதே சரி. இமாசெதாபைர் வேறு வகை. தாவரங்கள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை அது முடக்குகிறது. அந்த நொதி மனித உடலில் இல்லாததால் உடனடி நச்சுத்தன்மை குறைவு. புதிய நெல்லைப் பற்றிய என் கவலை மனித உடலிலிருந்து தொடங்கவில்லை, வயலிலிருந்து தொடங்குகிறது.

டெல்லியைச் சுற்றியுள்ள கோதுமை வயல்களில் குல்லி டண்டா என்று விவசாயிகள் அழைக்கும் ஒரு புல் இருக்கிறது. தாவரவியலில் அதன் பெயர் ஃபலாரிஸ் மைனர். இளம் பருவத்தில் கோதுமையையே உரித்து வைத்தாற்போல் இருக்கும். தண்டின் அடியில் தெரியும் செந்நிறத்தை வைத்துத்தான் பழகிய கண் பிரித்தறியும். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமை வந்த பிறகு வெளிச்சத்துக்கான போட்டியில் இந்தப் புல் எளிதாக முந்தியது. 1970-களின் பிற்பகுதியில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி பரிந்துரைக்கப்பட்டது. மலிவானது, நன்றாக வேலை செய்தது. அதனால் எல்லோரும் எல்லா ஆண்டும் அதையே அடித்தார்கள்.

1990-களின் தொடக்கத்தில் ஹரியாணாவில் மருந்து வேலை செய்யவில்லை என்ற புகார் கிளம்பியது. முதலில் கடைக்காரரைக் குறை சொன்னார்கள். கலப்பட மருந்தாக இருக்கும் என்றார்கள். அளவைக் கூட்டி அடித்தார்கள். புல் அசையவில்லை. ஹிசார் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து, களை எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது என்று உறுதிசெய்தார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் கதிர் வரும் முன்பே கோதுமையை அறுத்து மாட்டுக்குத் தீவனமாகப் போட வேண்டியிருந்தது. நெல்லும் கோதுமையும் மட்டுமே மாறி மாறி வந்த வயல்களில்தான் சிக்கல் கடுமையாக இருந்தது. இடையில் கரும்போ பெர்சீம் தீவனமோ சூரியகாந்தியோ போட்ட வயல்கள் பெருமளவு தப்பின.

அதற்குப் பிறகும் இதே வழியில்தான் போனோம். 1990-களின் இறுதியில் கிளோடினாஃபாப், ஃபெனாக்ஸாப்ராப், சல்ஃபோசல்ஃபுரான் என்று புது மருந்துகள் வந்தன. பத்தாண்டுக்குள் அவற்றையும் தாங்கும் குல்லி டண்டா வந்துவிட்டது. இந்த மூன்றில் சல்ஃபோசல்ஃபுரானைத் தனியே கவனிக்க வேண்டும். அது முடக்குவதும் இமாசெதாபைர் முடக்கும் அதே நொதியைத்தான். அதாவது, பூசா நெல்லுக்குத் துணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மருந்துக் குடும்பத்தை எப்படிச் சமாளிப்பது என்று அதே மாநிலங்களின் ஒரு களை ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டது. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து உலகச் சந்தைக்கு வந்தது 1982-இல். எதிர்ப்புத்திறன் கொண்ட முதல் களை அமெரிக்காவில் கண்டறியப்பட்டது 1987-இல். ஐந்தே ஆண்டு. இன்று உலகில் இக்குடும்பத்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற களை இனங்கள் 150-க்கும் மேல். வேறு எந்தக் களைக்கொல்லிக் குடும்பத்துக்கும் இவ்வளவு இல்லை.

நெல்லில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. நெல் வயலின் மோசமான களைகளில் ஒன்று நெல்லேதான். தானாக முளைத்து, முற்றும் முன்பே மணிகளை உதிர்த்துவிடும் சிவப்புக் காட்டு நெல், பயிர் நெல்லின் அதே இனம். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும்; அயல் மகரந்தச் சேர்க்கை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஒரு வயலில் எத்தனை லட்சம் பூக்கள் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் குறைவே போதுமென்று தெரியும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே மருந்துக் குடும்பத்தைத் தாங்கும் நெல் 2002-இல் பயிரிடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே மருந்துக்குச் சாகாத சிவப்பு நெல் அர்கன்சாஸ் வயல்களில் தலைகாட்டியது. 2010-இல் மலேசியா அதே முறையை எடுத்துக்கொண்டது. அங்கும் அதே கதை நடந்தது. அந்த நாடுகளில் ஆண்டுதோறும் சான்று விதையே வாங்க வேண்டும், ஒரே வயலில் தொடர்ந்து போடக்கூடாது என்று அறிவுரைகள் இருந்தன. நம் விவசாயிக்கோ விதையைச் சேமித்து வைக்கவும் மாற்றிக்கொள்ளவும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. அது காக்கப்பட வேண்டிய உரிமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிவப்பு நெல் கலந்த ஒரு மூட்டை விதை, உறவினர் வீட்டுக்கும் பக்கத்து ஊருக்கும் போகும்போது களையும் கூடவே போகும்.

இவ்வளவு முக்கியமான ஒன்று பொது விவாதமில்லாமல் வயலுக்கு வந்தது எப்படி? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான டிஎம்ஹெச்-11 கடுகிலும் ஒரு களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு இருக்கிறது. அது மரபணு மாற்றுப் பயிர் என்பதால் உச்ச நீதிமன்றம்வரை போனது; 2024 ஜூலையில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். பூசா நெல்லின் பண்பு, நாகினா 22 என்ற பழைய ரகத்தின் விதைகளை வேதிப்பொருளில் நனைத்து உண்டாக்கிய மரபுப் பிறழ்விலிருந்து வந்தது. அயல் மரபணு எதுவும் இல்லை. ஆகவே மரபணு மாற்றுப் பயிர்களுக்கான சட்டம் இதைத் தொடாது. சட்டப்படி இது சரி. ஆனால் களையின் மீது விழும் மருந்து, பயிரின் மரபணு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

விதிகள் காப்பாற்றும் என்று நம்பவும் முடியவில்லை. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம், கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மட்டுமே தெளிக்கலாம் என்று ஆணையிட்டது. நகரத்தில் கரையானுக்கும் எலிக்கும் மருந்தடிக்க ஆள் கிடைக்கும். கிராமத்தில் வரப்புக்கு மருந்தடிக்க எந்த நிறுவனம் வரும்? அதற்கு முன்பும் அந்த மருந்து தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும் மட்டுமே பதிவானது. இருந்தும் 2019 ஜூனில் மகாராஷ்டிரத்தின் அகோலாவில் விவசாயிகள், களைக்கொல்லியைத் தாங்கும் அனுமதியற்ற பருத்தியை ஊரறிய விதைத்தார்கள். அந்தப் பருத்தியை விதைப்பதே கிளைபோசேட் அடிப்பதற்காகத்தான்.

கடுகு பயிரிடும் டெல்லி நஜஃப்கர் பக்கத்து விவசாயிகள் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இமாசெதாபைர் மண்ணில் மாதக்கணக்கில் தங்கக்கூடியது. கோதுமையை அவ்வளவாகத் தொடாத எச்சம் கடுகையும் சில காய்கறிகளையும் வாட்டிவிடும். எச்சம் பற்றிய கவலை ஏற்றுமதிக்கும் பொருந்தும்: டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லியின் எச்ச வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாக இறுக்கியபோது பாஸ்மதி வியாபாரம் பட்ட பாட்டை ஹரியாணா ஆலைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புதிய நெல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தண்ணீர் நெருக்கடி உண்மையானது, குனிந்து களை பறிக்கும் பெண்களின் முதுகுவலியும் உண்மையானது. ஆனால் விதைப்பவர் சிலவற்றை முதல் பருவத்திலேயே செய்தாக வேண்டும். விதைப்பதற்கு முன் ஒரு தண்ணீர் பாய்ச்சி, முளைக்கும் களையை உழுது அழிக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே வயலில் அதே ரகமும் அதே மருந்தும் வேண்டாம். ஒரு பருவமாவது பாசிப்பயறோ தீவனமோ வரட்டும். சிவப்பு மணி கலந்த விதையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. மருந்தடித்து மூன்று வாரம் கழித்து வயலில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகக் களை பச்சையாக நின்றால், அளவைக் கூட்டி மறுபடி அடிக்காமல், பூக்கும் முன் கையால் பிடுங்கி எரித்துவிட்டு, வேளாண் அறிவியல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். டெல்லி விவசாயிகளுக்கு அந்த நிலையம் உஜ்வாவில் இருக்கிறது.