ராம் கூடினாலும் செட்டிங் மாறாது

16 ஜிபி ராம் இருந்த சர்வரில் 64 ஜிபி போட்டால், அடுத்த முறை இயங்கத் தொடங்கும்போதே லினக்ஸ் அதைத் தெரிந்துகொள்கிறது. அதன்மேல் ஓடும் மென்பொருள்கள் பலவும் தெரிந்துகொள்வதில்லை. பழைய ராமுக்கு எழுதிய செட்டிங்கே அப்படியே தொடர்கிறது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தனக்கென வைத்துக்கொள்ளும் நினைவகத்தின் பெயர் ‘ஷேர்டு பஃபர்ஸ்’. யாரும் கைவைக்காவிட்டால் அது வழக்கமாக 128 எம்பி. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் தகவலைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியின் ‘பஃபர் பூலும்’ அதே 128 எம்பிதான். 64 ஜிபியில் இது 512இல் ஒரு பங்கு! டேட்டாபேஸுக்கு மட்டுமே உள்ள சர்வர் என்றால், போஸ்ட்கிரெஸ் கையேடு மொத்த ராமில் கால் பங்கிலிருந்து தொடங்கச் சொல்கிறது. மைஎஸ்க்யூஎல் கையேடு 80 சதவீதம் வரை அனுமதிக்கிறது. லினக்ஸ் கோப்புகளை வைத்துக்கொள்ளும் ‘பேஜ் கேஷை’ போஸ்ட்கிரெஸ் பெரிதும் நம்பியிருக்கிறது. இன்னோடிபி தன் பூலையே நம்பியிருக்கிறது. ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்குப் போடுவது தவறு.

ராம் நிறைய இருக்கிறதே என்று தாராளம் காட்டுவது இன்னும் ஆபத்து. போஸ்ட்கிரெஸில் ‘ஒர்க் மெம்’ இயல்பாக 4 எம்பி. இது மொத்த சர்வருக்கான அளவு அல்ல. ஒரு வினவலுக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியே செலவாகக்கூடியது. அதை 256 எம்பி ஆக்கி, 100 இணைப்புகள் ஒரே நேரத்தில் ஆளுக்கு இரண்டு வரிசைப்படுத்தல் செய்தால் 50 ஜிபி போய்விடும். ஷேர்டு பஃபர்ஸுக்கு 16 ஜிபி ஏற்கெனவே கொடுத்திருந்தால் கணக்கு 66 ஜிபி. நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். பலியாவது பெரும்பாலும் அதிக ராமைப் பிடித்திருக்கும் டேட்டாபேஸ்தான்.

ஜாவாவில் வேறொரு சிக்கல். பொருள்களை வைக்கும் நினைவகமான ‘ஹீப்’ ஏறத்தாழ 32 ஜிபிக்குள் இருக்கும்வரை அவற்றின் முகவரிகளை ஜாவா 32 பிட்டில் சுருக்கி வைக்கிறது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு முகவரியும் 64 பிட். அதனால் 31 ஜிபியிலிருந்து 34 ஜிபிக்கு உயர்த்தினால் கொள்ளும் பொருள்கள் குறையவும் கூடும்.

ஹார்டு டிஸ்கை எடுத்து எஸ்எஸ்டி போட்ட இடத்திலும் இதே கதைதான். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் தட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லி விநாடி ஆகும். சிதறிக் கிடக்கும் தகவலை எடுக்கச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். அதனால் போஸ்ட்கிரெஸ் தொடர் வாசிப்புக்கு 1, சிதறிய வாசிப்புக்கு 4 என்று செலவு வைத்திருக்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே கிடையாது. பழைய 4 நீடித்தால், இண்டெக்ஸ் வழியே சட்டென்று எடுக்கக்கூடியதற்கும் முழு அட்டவணையைப் படிக்கும் வழியை அது தேர்ந்தெடுக்க நேரிடும். 1.1 அளவுக்குக் குறைப்பது பரவலான பழக்கம்.

ஷேர்டு பஃபர்ஸை மாற்றினால் போஸ்ட்கிரெஸை நிறுத்தித் தொடங்கியே ஆக வேண்டும், மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் பஃபர் பூலை ஓடும்போதே மாற்றலாம். எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி, முன்பும் பின்பும் அளந்து பார்ப்பதே சரி. லினக்ஸின் ‘ஃப்ரீ’ கட்டளை காட்டும் பட்டியலில் காலியான ராம் சொற்பமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பேஜ் கேஷாகப் பிடித்துவைத்திருப்பதில் பெரும்பகுதியை லினக்ஸ் கேட்டதும் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது கடைசி நெடுவரிசையில் உள்ள ‘அவைலபிள்’ எண்.