உங்களுக்குத் தெரியுமா? கிறுகிறுப்பு காதிலிருந்தும் வரும்!

கூமாப்பட்டித் தோப்பில் தேங்காய்க் குலையை அண்ணாந்து பார்த்ததும் உலகமே சுழல்கிறதா? ‘பித்தம்’ என்று எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். உட்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்தால், தலை அசையும்போது சில நொடிகள் இப்படிச் சுற்றும். தலையை ஒருபக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து, கண்மணி துடிப்பதைப் பார்த்தே மருத்துவர் கண்டறிவார். 1952-இல் வந்த சோதனை இது. பெரும்பாலும் ஸ்கேன்கூட வேண்டாம். எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பினால் துகள்கள் குழாயைவிட்டு வெளியேறும். பலருக்கு ஓரிரு முறையிலேயே குணம்! காது நரம்பு பாதித்தவர்களுக்கோ, ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையை ஆட்டும் பயிற்சி பல வாரம் தேவைப்படும்.

தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கைகால் மரத்துப்போனாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.