வீழாமற் காத்தல்

நோய் தீர்த்துக்கொள்ள மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர், அந்நோய் தீர்ந்த பின்னரும் வீடு திரும்ப இயலாமற் போவது உண்டு. மார்புச்சளியும் காய்ச்சலும் கண்டு கட்டிலிற் கிடந்த ஒருவர், நான்காம் நாள் காய்ச்சல் தணிந்து கண் தெளிகிறார் என்று கொள்க. அன்றிரவு கழிவறைக்குச் செல்லக் கருதித் தாமே எழுகிறார். இரண்டடி வைப்பதற்குள் கால் தளர்ந்து விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. காய்ச்சலுக்காக வந்தவர் இனி முறிவுக்காகத் தங்கவேண்டியவராகிறார். எலும்பு கூடினாலும், முன்போல நடக்கும் ஆற்றல் பலர்க்கு மீள்வதில்லை. நடந்தவர் சிலரும், மீண்டும் விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் நடையைக் குறைத்துக்கொள்கின்றனர். நடை குறையவே கால் மேலும் தளர்கிறது.

இல்லங்களிலும் தெருக்களிலும் மருத்துவமனைகளிலுமாக, கீழே விழுதலால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவருள் அறுபது அகவையைக் கடந்தோரே மிகுதி.

முதுமை வந்தால் விழுவதும் வரும் என்று கூறி அமைதி கொள்வார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாமையை நம் மொழிவழக்கே காட்டும். தமிழ்மக்கள் விழுதலை ஒரே சொல்லாற் கூறி அமைவதில்லை. இடறி விழுந்தார், வழுக்கி விழுந்தார், மயங்கி விழுந்தார், தளர்ந்து விழுந்தார் எனக் காரணத்தையும் உடன்சேர்த்தே கூறுவர். இடறுதற்குக் காரணம் வழியிற் கிடக்கும் பொருள். வழுக்குதற்குக் காரணம் தரையின் ஈரம். மயங்குதற்கும் தளர்தற்கும் காரணம் விழுவோரின் உடலினுள்ளே இருக்கிறது. காரணம் வேறாயின் காக்கும் முறையும் வேறாதல் வேண்டும்.

கனடா நாட்டில் செவிலியர் கல்வித்துறையிற் பணியாற்றிய ஜேனிஸ் மோர்ஸ் என்னும் அம்மையார், 1980களில் மருத்துவமனை வீழ்ச்சிகளை ஆராய்ந்து அவற்றை மூவகையாகப் பகுத்தார். நூற்றுக்கு 14 வீழ்ச்சிகள் இடறல், வழுக்கல் முதலிய தற்செயலான நிகழ்ச்சிகள். 8 வீழ்ச்சிகள், எவராலும் முன்னறிய இயலாதவாறு திடீரென வரும் மயக்கத்தாலும் வலிப்பாலும் நிகழ்வன. எஞ்சிய 78 வீழ்ச்சிகளும் நோயாளியின் உடல்நிலையை உற்று நோக்கினால் முன்னறியத் தக்கவை. முன்னறியத் தக்கது தடுக்கவும் தக்கதன்றோ?

அவ்வாறு உற்று நோக்குவார் காண்பன யாவை? நெடுநேரம் படுத்திருந்தவர் சட்டென எழுந்து நின்றால், குருதி கால்களை நோக்கி இறங்கித் தேங்குகிறது. இளையோர் உடலில் இரத்தக்குழாய்கள் நொடிப்பொழுதிற் சுருங்கி மூளைக்கு வேண்டும் குருதியை மேலேற்றிவிடும். முதியோர் உடலில் இச்செயல் மெல்லவே நிகழும். அதற்குள் கண் இருண்டு தலை சுழலும். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள், இரத்த அழுத்தத்தின் மேலளவு 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்குமாயின், மருத்துவர் அதனை ஒரு குறைபாடாகவே கொள்வர். அத்தகையோர் முதலில் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, கணைக்கால்களை மேலும் கீழுமாக அசைத்து, தலை தெளிந்த பின்னரே எழுதல் வேண்டும்.

மருந்துகளும் ஒரு காரணமாகும். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, தூக்கத்திற்குத் தரும் மருந்து, சிறுநீரைப் பெருக்கும் மருந்து ஆகிய மூன்றும் தனித்தனியே நன்மை செய்வன. சிறுநீரைப் பெருக்கும் மருந்தை மாலையிலும் தூக்க மருந்தை இரவிலும் ஒருவர்க்கே கொடுத்தால் விளைவது யாது? ஒன்று அவரை நள்ளிரவில் எழுப்புகிறது. மற்றொன்று எழுந்தவரைத் தடுமாறச் செய்கிறது. முன்னதைக் காலையிற் கொடுத்தலும், பின்னதை இயன்றவரை தவிர்த்தலும் தேர்ந்த மருத்துவர் செயலாகும்.

கடுங்காய்ச்சலாலும் அறுவை மருத்துவத்தாலும் சிலர்க்கு அறிவு மயங்குவதும் உண்டு. அவர் தாம் இருப்பது மருத்துவமனை என்பதையே மறந்து, தம் வீட்டுக் கட்டில் என்று எண்ணிச் சுவர் இருக்கும் பக்கம் இறங்க முற்படுவர். கண்ணாடி எட்டாத இடத்தில் இருத்தல், பின்புறம் பிடிப்பில்லாத செருப்பு, உயரமான கட்டில், கையில் ஏற்றப்படும் மருந்துநீரின் குழாய் ஆகியன மேலும் இடர் கூட்டும்.

இவை யாவற்றினும் பெரியதொரு காரணம் உண்டு. அது கருவிகளால் அளக்க இயலாதது. முதியோர் பலர், தாம் எழ வேண்டியிருக்கும்போது செவிலியரை அழைப்பதில்லை. “அவர்க்கு ஆயிரம் வேலை, இதற்காகவும் அழைப்பதா?” என்பது அவர் எண்ணம். வாழ்நாளெல்லாம் பிறர்க்கு உதவி வாழ்ந்தவர்க்கு, சிறுநீர் கழித்தற்கும் ஒருவர் துணையை நாடுதல் நாணத்தைத் தருகிறது. நேற்றுவரை தனித்து நடந்த தமக்கு இன்று அது கூடாதென்பதை அவர் மனம் ஏற்பதில்லை. ஆகவே, விழுதல் பெரும்பாலும் கட்டிலருகிலும் கழிவறைக்குச் செல்லும் வழியிலும், அருகில் எவரும் இல்லாத வேளையில் நிகழ்கிறது. அழைத்த பின் வருவதினும், குறித்த நேரத்திற்கொரு முறை தாமே வந்து, “கழிவறைக்குச் செல்லவேண்டுமா ஐயா?” என்று கேட்கும் செவிலியர் பல வீழ்ச்சிகளைத் தடுத்துவிடுகிறார். கேட்டவர்க்கு விடையளிப்பதில் நாணம் இல்லை.

எழுவதால்தானே விழுகிறார், எழாமற் செய்துவிட்டால் என்ன என்று கருதியோர் முன்பு பலர். அவர் முதியோரைக் கட்டிலோடு பிணித்தனர். கட்டிலின் இருபுறமும் கம்பித் தடுப்புகளை உயர்த்தி வைத்தனர். அறிவு மயங்கியவர் அத்தடுப்பின்மேல் ஏறி இறங்க முயன்று, கட்டிலினும் உயரத்திலிருந்து விழுந்ததே அதன் பயன். கிடத்தி வைத்தலின் தீமையை இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்டு ஆஷர் 1947-இலேயே ஒரு கட்டுரையில் எடுத்துரைத்தார். படுக்கையிலேயே கிடப்பவர்க்குப் புண் உண்டாகிறது, குருதி உறைகிறது, தசை மெலிகிறது என்பன அவர் காட்டிய குற்றங்களுட் சில. பின்னர், 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நோயற்ற முதியோர் சிலர் பத்து நாள் படுக்கையிற் கிடத்தப்பெற்றனர். அப்பத்து நாளில் அவர்தம் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசை கரைந்தது. நலமுடையார்க்கே இந்நிலையெனின் நோயாளர் நிலை கூறவேண்டா. விழாமைக்கென்று கிடத்தப்பெற்றவர், வீடு சென்று விழுதற்கு உரியவராகிறார்.

பிணிப்பைக் கைவிட்டோர் பொறியை நாடினர். முதியவர் கட்டிலினின்று எழுந்தவுடன் ஒலி எழுப்பும் அறிவிப்புப் பொறி அது. அதன் பயனை அமெரிக்க நகர மருத்துவமனையொன்றில் 16 பிரிவுகளில், 27,672 நோயாளரிடத்து ஆராய்ந்தனர். பொறியின் பயன்பாடு பெருகியது, வீழ்ச்சியோ குறையவில்லை. இம்முடிபு 2012-இல் வெளியாயிற்று. இதில் வியப்பொன்றும் இல்லை. பொறி ஒலிப்பது முதியவர் எழுந்த பின்னரே. கூடத்தின் மறுகோடியிலிருந்து செவிலியர் ஓடிவருமுன் விழுதல் முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் மருத்துவ நெறியமைப்புக் குழு 2013-இல் வேறொரு கருத்தைக் கூறியது. இவர் விழுவார், இவர் விழார் என மதிப்பெண் இட்டுப் பிரித்தலை விட்டு, மருத்துவமனையில் தங்கும் 65 அகவைக்கு மேற்பட்டார் அனைவரையும் விழக்கூடியவராகவே கொண்டு, ஒவ்வொருவர்க்கும் உரிய காரணத்தை நாடுக என்பது அது.

காரணத்தை நாடிய பின் செய்யத்தக்கது யாது என்பதை ஆஸ்திரேலியாவின் மேற்கு மாநிலத்தில் நிகழ்ந்த ஆய்வு ஒன்று நன்கு விளக்கியது. நோய் தணிந்த முதியோர் மீண்டும் நடந்து பழகுவதற்கென அமைந்த எட்டு மருத்துவப் பிரிவுகளில் அஃது நடந்தது. நோயாளர் 3,606 பேர். பெரும்பாலோர் எண்பதை ஒட்டிய அகவையர். அங்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் நோயாளியின் அருகிற் சென்று அமர்ந்தார். விழுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் படக்காட்சியாலும் சிறு நூலாலும் காட்டினார். பின்னர், “தங்களுக்கு எப்பொழுது துணை வேண்டும்? துணையை அழைக்கத் தடையாக இருப்பது யாது?” என உசாவி, அவர் வாயாலேயே ஒரு திட்டம் வகுக்கச் செய்தார். மறுமுறையும் வந்து அத்திட்டம் நடைபெறுகிறதா எனக் கேட்டறிந்தார்.

இத்துடன் அவர் நின்றிருந்தால் பயன் முழுமையுற்றிராது. நோயாளர் கூறிய தடைகளை அவர் செவிலியர்க்கும் பிறர்க்கும் எடுத்துரைத்தார். அழைக்குமாறு முதியோர்க்குக் கற்பித்துவிட்டு, அழைப்பொலி கேட்டும் வாராதிருந்தால், அவர் மறுநாள் அழைப்பாரோ? 2015-இல் வெளியான முடிபின்படி, வழக்கமான கவனிப்பு மட்டும் இருந்தபோது 1,000 நோயாளி நாட்களுக்கு 13.78 வீழ்ச்சிகள் நிகழ்ந்தன. இம்முறை சேர்ந்தபோது அது 7.80 ஆயிற்று. காயம் நேர்ந்த வீழ்ச்சிகளும் குறைந்தன. ஆயிரம் நாளென்பது, நூறு நோயாளர் பத்து நாள் தங்குவதற்கு ஒப்பாகும்.

எனினும் கற்பித்தல் எல்லார்க்கும் ஒருபடித்தாய்ப் பயன்படுவதன்று. அந்நாட்டிலேயே 2011-இல் வெளியான முந்தைய ஆய்வொன்றில், நோயாளர்க்கு மட்டும் இத்தகைய கல்வி அளித்தபோது, அறிவு தெளிந்திருந்தோர்க்கே நன்மை விளைந்தது. அறிவு மயங்கியோர்க்கு விளையவில்லை. சொன்னதை நினைவிற்கொள்ள இயலாதவர்க்குச் சொல் துணையாகாது. ஆளே துணையாதல் வேண்டும். அவர் கட்டில் செவிலியர் கண்ணில் படும் இடத்தில், தாழ்ந்ததாக இருத்தல் நன்று. உற்றார் ஒருவர் அருகிருப்பின் மயக்கமும் ஓரளவு தணியும்.

காண வரும் பேரனும் பேத்தியும் இப்பணியில் பங்குகொள்ளுதல் கூடும். புறப்படுமுன் பாட்டனாரின் கண்ணாடியையும், குடிநீரையும், அழைப்புமணியையும் அவர் கைக்கு எட்டுமாறு வைக்கலாம். பிடிப்புள்ள செருப்பைக் கட்டிலின் கீழ் உள்ளே தள்ளாமல், அவர் கால் இறக்கும் பக்கத்தில் வைக்கலாம். தாம் கட்டிலருகே இழுத்துப்போட்டு அமர்ந்த நாற்காலியை, கழிவறை வழியினின்று எடுத்து, மீண்டும் சுவரோரம் சேர்த்துவிட்டுச் செல்லலாம்.