மூலவடிவம் இழந்த வலை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில் வாழும் நேயர்களுக்கு வலை புதிய பொருளன்று. பொழியூர், பூவாறு கடற்கரைகளில் அதை நாள்தோறும் காணலாம். ஒரு குடத்தின்மீது வலையை இறுகப் போர்த்தியதாக எண்ணிக்கொள்ளுங்கள். முடிச்சுகள் நின்ற இடத்திலேயே நிற்க, குடத்தை மட்டும் அகற்றிவிட்டால் எஞ்சுவது யாது? முடிச்சுகளும் அவற்றை இணைக்கும் நேர்க்கயிறுகளுமே. குடத்தின் வளைவு போய்விட்டது. பொறியியல் கணக்கிலும் இத்தகைய வலை உண்டு.

பாலமோ, அணையோ, ராக்கெட்டின் உறையோ சுமையைத் தாங்குமா என்று முன்கூட்டிக் கணக்கிட, பொறியியலார் அதன் உருவத்தைச் சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கின்றனர். கூறுகள் சந்திக்கும் புள்ளி கணு எனப்படும். கூறுகளின் சமன்பாடுகள் அனைத்தையும் கணிப்பொறி ஒருங்கே தீர்க்கிறது. டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் 1956-இல் வெளியிட்ட கட்டுரை இம்முறைக்கு அடிகோலியவற்றுள் ஒன்று. 1960-இல் கிளஃப் அதற்கு 'ஃபைனைட் எலிமெண்ட்' எனப் பெயரிட்டார். நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இதற்கென 'ஃபீஸ்ட்' என்னும் மென்பொருளை ஆக்கியுள்ளது.

தொடக்கத்தில் கணுக்களின் எண்களைத் துளையட்டைகளில் பதித்தே கணிப்பொறிக்குக் கொடுத்தனர். பின்னரே வடிவத்தை வரைந்து அதன்மேல் வலை பின்னும் வழக்கம் பரவியது. ஆயினும் பழைய கோப்பைத் திறக்கும்போதும், ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதும், பல வேளைகளில் வலை மட்டுமே வந்து சேர்கிறது. மூலநூல் தொலைந்த மொழிபெயர்ப்பைப் போன்றது அது. படிக்கலாம், ஐயம் எழுந்தால் ஒப்பிட வழியில்லை.

ஒரு தகட்டில் 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத் துளை இருக்கிறது. வலையில் அது 8 நேர்கோடுகளாக அமைந்துள்ளது. ஒவ்வொரு கோட்டின் நடுப்புள்ளியும் உண்மை வட்டத்திற்கு 7.6 மில்லிமீட்டர் உள்ளே நிற்கும். நுட்பம் வேண்டி ஒவ்வொரு கோட்டையும் இரண்டாக்குகிறோம். வடிவம் அறிந்த மென்பொருள் புதிய கணுவை வட்டத்தின்மேல் வைக்கும், பிழை 1.9 மில்லிமீட்டராகக் குறையும். வடிவம் அறியாததோ பழைய கோட்டின்மீதே வைக்கும். எத்தனை முறை பிரித்தாலும் எண்கோணம் எண்கோணமே.

இதனால் தீங்கு உண்டு. அகன்ற தகட்டை ஒரு திசையில் இழுத்தால், வட்டத் துளையின் விளிம்பில் தகைவு 3 மடங்காகும் என்று கிர்ஷ் 1898-இல் காட்டினார். எண்கோணத்திலோ மூலைகள் உள்ளன. வலையைச் சிறிதாக்க ஆக்க, மூலைகளில் தகைவு எல்லையின்றி ஏறிக்கொண்டே போகும். உழைப்பு மிகுந்தும் விடை மெய்யினின்று விலகுகிறது.

ஆகவே இத்தகைய வலையைப் பெற்றவர் முதலில் எண்கள் மீட்டரா மில்லிமீட்டரா என்று தெளியவேண்டும். ஒரே இடத்தில் இரு கணுக்கள் இணையாது நின்றால், பொருள் அங்கே பிளந்திருப்பதாகக் கணக்கு வரும். உண்மையில் பிளவில்லையேல் அவற்றை இணைத்தல் வேண்டும். சுமை ஏற்கும் முகங்களைத் தொகுத்துப் பெயரிடவேண்டும். வளைவின் ஆரம் தெரிந்தால் புதிய கணுக்களை அதன்மேல் நகர்த்தலாம். தகைவு மிகும் இடத்தில் வளைவு இருப்பின், வடிவத்தை மீண்டும் வரைந்து வலை பின்னுதலே நன்று.

வடிவமில்லாத வலை பயனற்றதன்று. வலை போதிய நுட்பமுடையதாயின், சுமையை மாற்றியோ உலோகத்தை மாற்றியோ கணக்கிட அதுவே போதும். வலையையே திருத்த முற்படும்போதுதான் வடிவம் தேவைப்படுகிறது. எனவே வலையை அனுப்புவோர் வடிவக் கோப்பையும் உடன் அனுப்புதல் கடமையாகும்.