ரயில் வரைபடமும் ஒருபடிச் சமன்பாடும்

ஒருபடிச் சமன்பாட்டிற்கு இரண்டு புள்ளிகளைக் கண்டு, அளவுகோல் வைத்து நேர்கோடு வரைய மாணவர் பலரும் அறிவர். அக்கோட்டின்மேல் இல்லாத ஒரு புள்ளியைச் சுட்டி, அதன் பொருள் யாதெனக் கேட்டால் விடை வருவதில்லை. சமன்பாட்டிற்கும் கோட்டிற்கும் உள்ள உறவு இவ்வினாவிலேயே அடங்கியுள்ளது. ரயில்வே கட்டுப்பாட்டு அலுவலகங்களின் ஓட்ட வரைபடம் இதனை நன்கு விளக்கும். அதில் நேரம் கிடையாகவும் நிலையங்கள் குத்தாகவும் குறிக்கப்படும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் இம்முறை வழக்கிலிருந்தது.

புனேயிலிருந்து லோணாவளா 64 கி.மீ. காலை 7 மணிக்குப் புனேயை விட்டுப் புறப்படும் ஒரு வண்டி, நிமிடத்திற்கு 0.8 கி.மீ. வீதம் நிற்காமல் ஓடுவதாகக் கொள்வோம். புனேயிலிருந்து தூரத்தைத் ‘தூ’ எனவும், 7 மணிக்குப்பின் கழிந்த நிமிடங்களை ‘நே’ எனவும் குறித்தால்,

தூ = 0.8 நே

என்பது அதன் சமன்பாடு. 7.25 மணிக்கு வண்டி 20ஆம் கிலோமீட்டரில் இருக்கும்; (25, 20) கோட்டின்மேல் அமையும். (30, 20) கோட்டிற்குக் கீழே விழும். அது பிழையான புள்ளியன்று. வண்டி தாமதமாக வந்திருந்தால் காணப்படும் புள்ளி. அதிலிருந்து கோட்டிற்குக் கிடையாக அளந்தால் 5 நிமிடம், அதுவே தாமதம். குத்தாக அளந்தால் 4 கி.மீ.; அது வண்டி பின்தங்கிய தூரம்.

அதே 7 மணிக்கு லோணாவளாவிலிருந்து நிமிடத்திற்கு 1.2 கி.மீ. வீதம் எதிர்வண்டி புறப்பட்டால், அதன் சமன்பாடு தூ = 64 − 1.2 நே. தொடக்கத் தூரமாகிய 64 வெட்டுத்துண்டு. தூரம் குறைந்துகொண்டு வருவதால் சாய்வு எதிர்க்குறி பெற்றது. இரண்டு சமன்பாடுகளையும் தீர்த்தால் 32 நிமிடம், 25.6 கி.மீ. எனக் கிடைக்கும். கோடுகள் வெட்டிக்கொள்வதும் அங்கேயே.

இப்பகுதியில் இரட்டைப் பாதை இருப்பதால் அவ்வெட்டினால் தீங்கில்லை. ஒற்றைப் பாதையிலோ, நிலையமில்லாத இடத்தில் கோடுகள் வெட்டிக்கொண்டால் அது மோதலைக் குறிக்கும். 24ஆம் கிலோமீட்டரில் ஒரு நிலையம் இருப்பின், முதல் வண்டி 30ஆம் நிமிடத்தில் அங்கு வந்து, எதிர்வண்டி வரும்வரை 3 நிமிடம் 20 விநாடி காத்து நிற்க வேண்டும். வரைபடத்தில் அக்காத்திருப்பு ஒரு கிடைக்கோடாகும். குத்துக்கோடு மட்டும் எக்காலத்தும் வராது. ஒரே கணத்தில் பல இடங்களில் இருக்கும் வண்டி இல்லையல்லவா!

1930 ஜூன் 1ஆம் நாள் தொடங்கிய டெக்கான் குயின் செல்லும் புனே–மும்பைப் பாதை 192 கி.மீ. நீளமுள்ளது. இதற்கு முனையிலிருந்து முனைவரை ஒரே நேர்கோடு வரைந்தால் இடைநிலையங்களின் நேரங்கள் தவறாகும். கர்ஜத்திற்கும் லோணாவளாவிற்கும் இடையேயுள்ள 28 கி.மீ. போர் மலைத்தொடர்ப் பகுதி. 1863இல் திறக்கப்பட்ட அப்பாதையில் 37 அடிக்கு 1 அடி வரை ஏற்றம் உண்டு. மேலேறும் வண்டிகள் பலவற்றிற்குப் பின்னிருந்து தள்ளும் எஞ்சின்கள் கர்ஜத்தில் இணைக்கப்படுகின்றன. ஆகவே சமவெளிக்கு ஒரு சமன்பாடு, மலைக்கு வேறொன்று. இவ்விடத்தில் மாணவர் ஏமாறுவதுண்டு: மலை செங்குத்தாக ஏறும் இடத்தில் வண்டியின் வேகம் குறைவதால், வரைபடக் கோடு படுத்துக்கொள்கிறது.