சாலைக்கு முன்னால் ஓர் எழுத்து

பிரிக்பீல்ட்சை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி ரவாங்கில் இறங்கினால், அங்கிருந்து எங்கள் பத்தாங் பெர்ஜுந்தைக்கு ஒரு மாநிலச் சாலை போகிறது. 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். வீட்டில் இன்னும் பழைய பெயர்தான். செம்பனைத் தோட்டங்களும் பழைய ஈயக் குட்டைகளும் சூழ்ந்த சிற்றூர் அது.

இந்தச் சாலையின் எண்ணுக்கு முன்னால் ‘பி’ என்ற எழுத்து இருக்கும். சிலாங்கூர் வாகனங்களுக்கும் அதே எழுத்துதான். சிலாங்கூர் என்ற பெயரில் ‘பி’ எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்! பேராக்கிற்கு ஏ, சிலாங்கூருக்கு பி, பகாங்கிற்கு சி என்று வெள்ளையர் காலத்தில் வரிசையாகக் கொடுத்தது அது.

எண் மட்டும் இருந்தால் கூட்டரசுச் சாலை. கிள்ளானிலிருந்து பந்திங் போகும் 5ஆம் எண் சாலை அப்படிப்பட்டது. எழுத்து சேர்ந்தால் மாநிலச் சாலை. அதன் பராமரிப்பு மாநிலத்தின் பொறுப்பு. அதற்காகக் கூட்டரசு அரசாங்கம் ஆண்டுதோறும் மானியம் தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 109ஆவது விதி. சாலையின் நீளத்தைக் கணக்கிட்டுத் தருகிற பணம் அது. பதிவேட்டில் ஏறாத சாலைக்குப் பணம் வராது.

நம்மவர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மாநிலச் சாலையிலிருந்து லயத்துக்குப் பிரிந்து போகும் செம்மண் சாலை பெரும்பாலும் தோட்டக் கம்பெனியின் சொத்து. தலைமுறைகளாக நடந்திருக்கலாம், பள்ளி வேன் ஓடியிருக்கலாம். ஆனால் அது பொதுச் சாலை ஆகாது.

சொந்தச் சாலை என்றால் விதியும் சொந்த விதிதான். துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் தோட்டங்களில் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இந்தச் சைக்கிள் விவகாரத்தையும் கோரிக்கையாக வைத்தார்கள். சம்பளத்துக்குப் பக்கத்தில் சைக்கிளா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அந்தப் பட்டியலிலேயே கனமான கோரிக்கை அதுதான். தலைவர் ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

சைக்கிளை விட்டு இறங்கும் காலம் போய்விட்டது. சாலை யாருடையது என்ற கேள்வி போகவில்லை. மழையில் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாத இடங்களில் நம்மவர்கள் பொதுப்பணித் துறைக்கு மனு எழுதுகிறார்கள். தோட்டச் சாலைக்கு அத்துறை பொறுப்பில்லை என்று பதில் வருகிறது. ஆகவே மனு எழுதிக் கொடுக்கும் மாணவ நண்பர்கள் முதலில் மாவட்ட நில அலுவலகத்தில் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கம்பெனி நிலமாக இருந்தால், குழியை அடைக்கச் சொல்வதற்கு முன், சாலைக்கான நிலத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்கும்படி கேட்க வேண்டும். மாநிலச் சாலையில் குழி என்றால் வேலை எளிது. பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எழுத்தையும் எண்ணையும் குறித்து அனுப்பினால் போதும்.