கடன் கணக்கில் ஒரு வரி தவறினால்...

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். நாம் எழுதத்தான் செய்கிறோம். ஆனால் எழுதியதைத் தேவையான நேரத்தில் தேடியெடுக்கத் தடுமாறுகிறோம். இவ்வாரம் அதைப் பற்றியே சொல்லப் போகிறேன்.

அக்குறணைப் பக்கமிருந்து கண்டிக்கு வந்து எமது கடையில் சாமான் எடுக்கும் ஒருவர் வபாத்தானார். ஜனாஸா அடக்கப்பட முன்னரே அவரது மகன் வந்து, "ஹாஜியார், வாப்பா உங்களுக்கு எவ்வளவு குடுக்க இருக்கு?" என்று கேட்டார். சொத்தைப் பங்கிட முன் மரணித்தவரின் கடனை அடைக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். பில் போடும் கொம்பியூட்டரிலிருந்து எடுத்த பைலில் நாலாயிரம் வரிகளுக்கு மேல் இருந்தன. மவுசை உருட்டி உருட்டிப் பார்த்து ஒரு தொகையைச் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். இரவு ஆறுதலாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மர்ஹூம் இரண்டு தடவை கட்டிய காசு வேறு விதமாக எழுத்துக்கூட்டிய அதே பெயரில் கிடந்தது! வாரிசுகளின் காசு என் கைக்கு வந்திருக்குமே என்று நெஞ்சு பதறியது. மறுநாளே போய்த் திருத்திச் சொன்னேன்.

இப்படிப்பட்ட வேலைக்குப் புரோகிராம் எழுதுபவர்கள் பாவிக்கும் எடிட்டர் நல்ல உதவி. நாலாயிரம் வரிகளில் வேண்டிய வரிகளை மட்டும் அது பிரித்துத் தரும். இது புதிய விடயமல்ல. 1970களிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் இதற்கென 'கிரெப்' என்ற கட்டளையை எழுதினார். நம் கடைகளுக்குப் பொருத்தமானது, டொன் ஹோ 2003இல் வெளியிட்ட 'நோட்பேட் பிளஸ் பிளஸ்'. விண்டோஸ் கொம்பியூட்டரில் வேலை செய்யும். முற்றிலும் இலவசம்.

முதலில் பைலுக்கு ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத் திறவுங்கள். கொன்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தினால் தேடும் பெட்டி வரும். பெயரை எழுதி, 'ஃபைன்ட் ஓல் இன் கரன்ட் டொகியுமன்ட்' என்பதை அழுத்துங்கள். அந்தப் பெயருள்ள எல்லா வரிகளும் வரி இலக்கத்துடன் கீழே வரிசையாக வரும். ஒரு வரியை இரண்டு தடவை கிளிக் செய்தால் பைலில் அது இருக்கும் இடத்துக்கே போகலாம்.

அந்த வரிகளைத் தனியாக எடுக்க வேண்டுமா? அதே பெட்டியில் 'மார்க்' பக்கத்துக்குப் போய், 'புக்மார்க் லைன்' என்பதில் சரி அடையாளம் இட்டு, 'மார்க் ஓல்' என்பதை அழுத்துங்கள். பிறகு மேலே 'சேர்ச்' பட்டியலில் 'புக்மார்க்' என்பதற்குள் இருக்கும் 'கொப்பி புக்மார்க்ட் லைன்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். கொன்ட்ரோல் - என் அழுத்திப் புதுப் பக்கம் திறந்து, கொன்ட்ரோல் - வி அழுத்தினால் அவருடைய கணக்கு மட்டும் அதில் வந்து விழும். தவறினால் கொன்ட்ரோல் - இசட் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எடிட்டருக்குக் கூட்டத் தெரியாது. கூட்டிக் கழிப்பது நம் கையில்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாம் எழுதிய எழுத்தைத்தான் இயந்திரம் தேடும், ஆளை அதற்குத் தெரியாது. நம் மத்தியில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஒரே ஆளின் பெயரைக் கடைப் பொடியன்கள் மூன்று விதமாக எழுதுவார்கள். அன்று என்னிடம் இந்த எடிட்டர் இருந்திருந்தாலும், ஒரு பெயரை மட்டும் தேடியிருந்தால் அதே பிழைதான் வந்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு கடன்காரருக்கும் மாறாத ஓர் இலக்கம் கொடுங்கள். வெறுமனே 12 என்று கொடுத்தால், தேடும்போது 112, 1250 எல்லாம் சேர்ந்து வரும். முன்னால் ஓர் எழுத்துப் போட்டு 'கே0012' என்பது போல, எல்லாருக்கும் ஒரே நீளத்தில் வையுங்கள். ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு வரி. சாமான் எடுத்தாலும் காசு கட்டினாலும் அந்த வரியில் இலக்கம் இருக்க வேண்டும்.

இன்றிரவு கடை பூட்டிய பின் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். நாளை நாம் மௌத்தானாலும் நம் பிள்ளைகள் யாருடைய ஹக்கையும் தவறாக எடுக்காமலிருக்க அது உதவும், இன்ஷா அல்லாஹ்.